ஐந்தாவது கட்டை

"இனிமே நான் சுத்தறதா இல்லை" என்று மனைவி சொன்னபோது சக்கரக்காரர் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். ரொட்டி நனைப்பதற்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. எடுக்க வேண்டிய நொடியில் எடுக்காவிட்டால் முறிந்து கிளாசுக்குள் விழுந்துவிடும். விழுந்தது.

"எதை?" என்றார்.

"நம்ம வீட்ல சுத்தறதுக்கு வேற என்ன இருக்கு?"

வேறெதுவும் இல்லைதான். மின்விசிறிகூடக் கிடையாது; பஞ்சு பறக்கிறது என்று எப்போதோ கழற்றிவிட்டார்கள். முன்னறை மெத்தைக் கடை. பின்னறை மீதி எல்லாம். அந்த மீதியில் முக்கால்வாசி இடத்தை ஜன்னலோரம் உரசுபெட்டி பிடித்துக்கொண்டிருந்தது, மேலே ஒரு பழைய மெத்தை உறையைப் போர்த்திக்கொண்டு.

உரசுபெட்டியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை கால்நீட்டிப் படுக்கலாம் போன்ற ஒரு மரப்பெட்டி. உள்ளே மூன்று நரம்புகள். வலது கோடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மரச்சக்கரம், அதைச் சுற்ற ஓர் இரும்புக் கைப்பிடி. சக்கரத்தின் விளிம்பில் குங்கிலியம் தேய்த்திருக்கும். சுற்றினால் அது நரம்பை உரசும், உரசினால் சத்தம் வரும். இடது பக்கம் வரிசையாகப் பதினான்கு மரக்கட்டைகள். இழுக்கும் கட்டைக்கு ஏற்ற சுரம். இரண்டு கோடியையும் ஒரே ஆளால் எட்ட முடியாது. ஆகவே இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் மடியிலும் பெட்டியைக் கிடத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் சுற்றுவார், ஒருவர் இழுப்பார். இழுப்பவர் கலைஞர். சுற்றுபவர் பக்கத்தில் இருப்பவர்.

ஆயுளில் ஒருநாளும் சக்கரத்தைத் தொடாத மனிதருக்குச் சக்கரக்காரர் என்று பேர் வந்தது எப்படி என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. இருபத்தாறு வருடமாக அதைச் சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு மெத்தைக்காரம்மா என்று பேர்.

அந்த மெத்தைக்காரம்மா இப்போது ஒன்றரைச் சாண் நீள ஊசியால் ஒரு இரட்டை மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி கையில் இருக்கும்போது அவரோடு பேச நேர்ந்தால் சக்கரக்காரர் நான்கடி தள்ளி உட்காருவது வழக்கம்.

"மத்தியானம் தபால்ல வந்துச்சே அழைப்பிதழ், அதுல என்ன போட்டிருக்கு? படிங்க."

"படிச்சேனே."

"சத்தமா படிங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். "'உரசுபெட்டி என்னும் அரிய இசைக்கருவியைக் கடந்த இருபத்தாறு ஆண்டுகளாகத் தன்னந்தனியாகக் காத்துவரும்…'"

"போதும். தன்னந்தனியாவா?"

"அது பேரவையில அவங்களா எழுதினது."

"நல்லது. தன்னந்தனியா காத்தவரு தன்னந்தனியாவே வாசிக்கட்டும். நடுவுல நான் எதுக்கு, கரடி மாதிரி?" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தார்.

அவங்களா எழுதியது அல்ல. நாட்டார் கலைப் பேரவை அனுப்பிய விண்ணப்பத்தில் 'தங்கள் கலைப்பணியை ஒரே வரியில் குறிப்பிடுக' என்று கேட்டுக் கீழே ஒரு கோடு போட்டிருந்தார்கள். சக்கரக்காரர் அதை மரவாடியில் வைத்துத்தான் நிரப்பினார். அங்கே அவருக்கு அளவெடுக்கும் வேலை: லாரியில் வந்து இறங்கும் மரங்களை நாடாவால் அளந்து, அடிமரத்தில் சுண்ணக்கட்டியால் எண் போடுவது. வரி சின்னதாக இருந்தது, இடம் போதவில்லை, அதனால்தான் அப்படி எழுத நேர்ந்தது என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். அளப்பதே பிழைப்பாக இருந்தும், 'தன்னந்தனியாக' என்பதைவிட 'மனைவியுடன்' இரண்டெழுத்து குறைவு என்பது அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

மெத்தைக்காரம்மா சுற்ற மறுத்ததற்குத் தோளும் ஒரு காரணம். போன மாதம் இருவரும் எலும்பு மருத்துவரிடம் போயிருந்தார்கள். மருத்துவர் வலது கையை மேலே தூக்கச் சொன்னார். அது காதுவரை போய் நின்றுகொண்டது.

"பஞ்சு அடிக்கறதால வந்ததா டாக்டர்?" என்று சக்கரக்காரர் கேட்டார்.

"அப்படித் தெரியலை. ஒரே சீரா செய்யற வேலைக்கு உடம்பு பழகிடும். இது ஓடிக்கிட்டு இருக்கறதைச் சட்டுனு இழுத்துப் பிடிச்சு நிறுத்தறதால வர்ற தேய்மானம். அம்மா, அந்த மாதிரி ஏதாச்சும் செய்யறீங்களா?"

"செய்யறேன்."

"எதுக்கு?"

மெத்தைக்காரம்மா கணவரைப் பார்த்தார். கணவர் மருத்துவரைப் பார்த்து, சிறு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "வாசிப்புன்னா அதுல மூச்சு இருக்கணும் டாக்டர்."

அது ஊரறிந்த விஷயம். சக்கரக்காரரின் வாசிப்பில் மூச்சு உண்டு. ஓடிக்கொண்டே வரும் மெட்டு திடீரென்று ஓரிடத்தில் தணிந்து, கிசுகிசுத்து, மறுபடி எழும். கேட்டவர்கள் "அடடா" என்பார்கள். "எப்படிங்க அந்த இடத்துல மூச்சு விடணும்னு தோணுது?" என்று கேட்பார்கள். "தோணும்" என்பார் சக்கரக்காரர்.

கல்யாணத்துக்கு முன்னால் சித்தப்பாதான் சுற்றிக்கொண்டிருந்தார். பேருந்து நடத்துநர் வேலை கிடைத்ததும், "டிக்கெட் கிழிக்கறதுல கொஞ்சம் மரியாதை இருக்குப்பா, என்னைப் பாத்துதான் வண்டியே நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கல்யாணப் பேச்சு வந்தபோது உறவுக்காரர்கள் எல்லாரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். இவர் தோளைப் பார்த்தார். மூன்று தலைமுறையாகப் பஞ்சு அடிக்கிற குடும்பம். தோளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருமணமான பத்தாவது நாள் பெட்டி இரண்டு மடியிலும் ஏறியது.

அப்புறம் இருபத்தாறு வருடம். கடை திறப்புகள், சந்தை ஆண்டுவிழாக்கள், ஒருமுறை மாட்டுக் கண்காட்சி. மாட்டுக் கண்காட்சியில்தான் கேட்பவர்கள் கடைசிவரை நகராமல் இருந்தார்கள், கட்டியிருந்தார்கள். ஆனால் கூரை உள்ள மேடை ஒன்றில் சக்கரக்காரர் வாசித்ததே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய அரங்கம், ஒரு மணி நேரம், ஒலிப்பதிவு, பிறகு வானொலியில் நாடு முழுவதும். பதினெட்டு நாள் இருந்தது. சுற்ற ஆள் இல்லை.

முதலில் மரவாடியில் மரம் தூக்குபவரைக் கேட்டார். அவரை எல்லாரும் கிரேன் என்று கூப்பிடுவார்கள், ஒரு முழு அடிமரத்தை ஒற்றை ஆளாக நிமிர்த்தியவர். சாப்பாட்டு இடைவேளையில் வந்து உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து, கிணற்றில் வாளி விழுந்துவிட்டதைப் போலச் சுற்றினார். குங்கிலியம் புகைந்தது. மூன்றாவது சுற்றில் நரம்பு அறுந்து சக்கரக்காரரின் கன்னத்தில் ஒரு கோடு போட்டது.

"பலமா சுத்தணும்னு சொன்னீங்களே" என்றார் கிரேன்.

"நான் எப்பய்யா சொன்னேன்?"

"சொல்லலையா? அப்ப நானா நெனச்சுக்கிட்டேன் போல."

முன்னறையில் மெத்தைக்காரம்மா பஞ்சை உதறிக்கொண்டிருந்தார். சிரித்ததற்குச் சாட்சி இல்லை.

பிறகுதான் மைத்துனன் வந்தான். மெத்தைக்காரம்மாவின் தம்பி, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருகிறவன். உலகத்தில் உள்ள துன்பங்களை அவன் இரண்டாகப் பிரித்திருந்தான்: மோட்டார் வைத்தால் தீர்வது, மோட்டாரே எரிந்துபோனதால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, விடாத மழையில், தையல் இயந்திர மோட்டார் ஒன்றையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டரையும் ஒரு ரப்பர் பெல்டையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

மழைக்காலத்தில் அந்த வீட்டில் எந்த வேலையும் ஒழுங்காக நடக்காது. பஞ்சு ஈரம் குடித்துக் கனக்கும். அடித்தால் பறக்காது, முழிக்கும். பெட்டியின் கட்டைகள் உப்பிப் பிடித்துக்கொள்ளும். மெழுகு தேய்த்து வழிக்குக் கொண்டுவர வேண்டும். மெத்தைக்காரம்மா இடதுகையால் வெங்காயம் நறுக்கி முட்டையில் போட்டு, மூன்று பேருக்கும் ரொட்டியோடு வைத்தார். மைத்துனன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கைப்பிடியைக் கழற்றினான்.

"பார்த்துடா. அப்பா காலத்துக் கைப்பிடி" என்றார் சக்கரக்காரர்.

"அப்பா காலத்துத் துருவும் அப்படியே இருக்கு மாமா. பத்திரமா வெச்சிருக்கீங்க."

"கிண்டல் பண்ணாம வேலையைப் பாரு மாப்ள."

"அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லு. இதை வெக்கறதுல உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்னடா வருத்தம்? அம்மிக்கல்லை யார் தூக்கினா என்ன, என் முதுகு தப்பிச்சா சரி. மாமாவுக்கு நல்லா ஒரு மோட்டார் வெச்சுக் குடு. எதிர்த்துப் பேசாத மோட்டாரா பாத்து வை."

பதினோரு மணிக்கு மோட்டார் ஓடியது. சக்கரம் சுற்றியது. கண்ணாடியில் எண்ணெய் வழுக்குவது போல ஒரே சீரான ஒலி அறையை நிறைத்தது. சக்கரக்காரரின் கண் கலங்கிவிட்டது. இத்தனை சீராக அந்தப் பெட்டி பாடி அவர் கேட்டதில்லை.

"ஆத்து மெட்டு வாசிக்கறேன்" என்று கட்டைகளில் கை வைத்தார். ஆற்று மெட்டுதான் அவருடைய பேர் சொல்லும் மெட்டு.

முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாம் வரியில் எங்கோ ஒரு பூனை குறுக்கே வந்து மிதிபட்டது போல இருந்தது. மூன்றாம் வரியில் மறுபடி. நான்காம் வரியில் மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் ஒரு சுரம் வந்தது பாருங்கள், மைத்துனன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

சக்கரக்காரர் மோட்டாரை முறைத்தார். "நிறுத்து. உன் மோட்டார் தப்பா வாசிக்குது."

"மோட்டாருக்குக் கட்டை எங்க இருக்குன்னே தெரியாது மாமா."

"வேகம் ஏறி இறங்குது போல."

"ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதான் அதோட குணமே."

"அப்ப கட்டை ஈரத்துல ஊதியிருக்கும்."

மெழுகு தேய்த்தார்கள். மறுபடி வாசித்தார். பூனை அதே இடத்தில் மிதிபட்டது. நான்காம் வரிச் சுரம் இந்தத் தடவை இன்னும் தெளிவாக வந்தது. பெல்டை மாற்றினார்கள். பெட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினார்கள். மூன்றாம் தடவை வாசித்தபோது, தலையணை உறைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்த மெத்தைக்காரம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நாலாவது வரில மேல போறப்ப ஆறாவது கட்டைய இழுக்கணும். நீங்க அஞ்சாவதை இழுக்கறீங்க."

"இன்னிக்கா?"

"எப்பவும்."

"எப்பவும்னா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. அதுக்கு முன்னாடி நடந்தது எனக்குத் தெரியாது. உங்க சித்தப்பாவைக் கேளுங்க."

சக்கரக்காரர் மைத்துனனைப் பார்த்தார். அவன் ரெகுலேட்டரின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை ஆர்வத்தோடு படிக்க ஆரம்பித்துவிட்டான்.

"அப்படின்னா எனக்கு ஏன் இத்தனை நாளா கேக்கலை?"

"நான் கைய இறக்கிடுவேனே. நீங்க தப்பான கட்டைக்குப் போறது தோள்பட்டைலயே தெரியும், கொஞ்சம் முன்னாடி குனிவீங்க. உடனே சக்கரத்தைப் பிடிச்சுடுவேன். சத்தம் உள்ள போயிடும். நீங்க அடுத்த கட்டைக்கு வந்ததும் விடுவேன்."

"எத்தனை இடத்துல?"

"பதினொண்ணு. ஆத்து மெட்டுல மட்டும் மூணு. நாலாவது வரிதான் பெரிசு. ஓடற வேகத்துல பிடிக்கணும். அதைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் தோள் போச்சு."

சக்கரக்காரர் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப அந்த மூச்சு?" என்று கேட்டார் சக்கரக்காரர். குரல் சின்னதாக இருந்தது.

"எந்த மூச்சு?"

"என் வாசிப்புல இருக்கற மூச்சு."

மெத்தைக்காரம்மா தலையணையின் வாயைத் தைத்து மூடினார். "அதான் சொல்றேனே" என்றார்.

மைத்துனன் மெதுவாக மோட்டாரைக் கழற்றிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றினான். போகும்போது வாசலில் நின்று, "மாமா, எரிஞ்சுபோன மோட்டார்னா நான் சரி பண்ணிடுவேன். இது நல்லா ஓடற மோட்டார். இதுக்கு எங்கிட்ட வைத்தியம் இல்லை" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினான்.

மறுநாள் சக்கரக்காரர் பேரவைச் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளரின் மேசைமேல் காணாமல்போன கலைகளின் பட்டியல் ஒன்றும், காணாமல்போன ஒரு பேனாவின் மூடியும் இருந்தன. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சுத்தறவங்க பேரையும் போடணும்னு சொல்றீங்க. நியாயம்தான். ஆனா அழைப்பிதழ் அச்சாகிப் போயாச்சே."

"மேடையில வாயாலயாவது சொல்லலாமே சார்."

"சொல்லணும்னா அவங்க கலைஞரா பதிவாகியிருக்கணும். அதுக்குத் தனி விண்ணப்பம். போன மாசமே தேதி முடிஞ்சுது."

"இப்ப குடுத்தா?"

"குடுக்கலாம். அதுலயும் ஒரு சிக்கல். 'கருவி'ங்கற இடத்துல உரசுபெட்டின்னு ஏற்கெனவே உங்க பேருக்குப் பதிவாகியிருக்கு. ஒரு கருவிக்கு ஒரு ஆள். அவங்களுக்கு வேற கருவி ஏதாச்சும் தெரியுமா?"

"மெத்தை தைப்பாங்க."

செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசைதான். அந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. மெத்தைக்காரம்மா அடித்து முடித்த பஞ்சைக் கோணியில் அமுக்கிக்கொண்டிருந்தார். இவர் போய் கோணியின் வாயைப் பிடித்துக்கொண்டார். கோணி நிறையும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

"விண்ணப்பத்துல அந்த வார்த்தைய எழுதினது நான்தான்" என்றார் கடைசியில்.

"தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும் இருபத்தாறு வருசம்னு?"

"ஒரு தடவை. கூரை போட்ட மேடை. இது போச்சுன்னா அப்புறம் கூப்பிட மாட்டாங்க."

மெத்தைக்காரம்மா கோணியைக் கட்டினார். "மூணு பாட்டு. எண்ணி மூணு. ஆத்து மெட்டு வேணாம். அதை இறக்கறதுக்கு இனிமே எங்கிட்டத் தோள் இல்லை."

"மூணே மூணு" என்றார் சக்கரக்காரர்.

அரங்கத்தில் மேடை நடுவே ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். "கலைஞர் ஒருத்தர்னுதானே பட்டியல்ல இருக்கு?" என்றார் பொறுப்பாளர். மெத்தைக்காரம்மா கடையிலிருந்தே இரண்டு தலையணை எடுத்து வந்திருந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் போட்டார். படம் எடுப்பவர் குனிந்து பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் பின்னால சாஞ்சுக்குங்க, உங்க நிழல் சார் முகத்துல விழுது" என்றார். அவர் சாய்ந்துகொண்டார். கை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

மூன்று பாட்டும் நன்றாக நடந்தன. ஆறு தப்பு, ஆறு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடித் திறந்தார். சக்கரக்காரருக்கு இப்போது ஒவ்வொன்றும் கேட்டது. அதாவது கேட்காமல் போனது கேட்டது. மூன்றாவது முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. கூரை உள்ள இடத்தில் கைதட்டல் மேலே போய் முட்டித் திரும்பி வந்து தலையில் விழும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. சந்தைகளில் அது அப்படியே வானத்துக்குப் போய்விடும். யாரோ பின்னாலிருந்து "ஆத்து மெட்டு!" என்று கத்தினார்கள்.

அவர் மனைவி பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கை கட்டைக்குப் போயிற்று.

சக்கரம் ஒரு நொடி தாமதித்துச் சுற்ற ஆரம்பித்தது. அந்த ஒரு நொடியைச் சபை ரசித்தது. இரண்டாம் வரி, மூன்றாம் வரி, இரண்டு இடத்திலும் மெட்டு தணிந்து எழுந்தது. நான்காம் வரியில் மேலே போகும்போது சக்கரக்காரர் தன் தோள் முன்னால் குனிவதைத் தானே உணர்ந்தார். 'ஆறாவது' என்று மனசு சொன்னது. விரல் ஐந்தாவதை இழுத்தது. பக்கத்தில் கை இறங்கவில்லை.

அந்தச் சுரம் முழுசாக, கொழுத்து, ஒலிவாங்கி வழியே அரங்கத்தின் நான்கு மூலைக்கும் போய்க் கூரையில் இடித்தது. அவர் பக்கவாட்டில் பார்த்தார். மெத்தைக்காரம்மா எதிர்ச்சுவரின் கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார், மோட்டார் மாதிரி.

திரும்பும் வழியில் பேருந்தில் அவர் கேட்டார்: "ஏன் விட்டுட்டே?"

"மூணு பாட்டுன்னு பேச்சு" என்றார் மெத்தைக்காரம்மா. பிறகு, இடதுகையால் வலது தோளை அமுக்கிக்கொண்டு, "பிடிக்காம விட்டா வலியே இல்லைங்க" என்றார், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் போல.

நான்கு நாள் கழித்து மைத்துனன் செய்தித்தாளோடு வந்தான். சக்கரக்காரர் அதைக் கையால் தொட மறுத்துவிட்டதால் அவனே படித்தான்.

"'ஆற்று மெட்டின் நான்காம் வரியில் திடீரென எழுந்த அந்த ஒற்றைச் சுரம் மரபின் அடியாழத்திலிருந்து வந்த அறைகூவல். இன்றைய காதுகளுக்கு அது முதலில் தவறு போலவே ஒலிக்கும். தவறாக ஒலிக்கும் துணிச்சலே அதன் பழமைக்குச் சான்று…'"

"நிஜமாவா போட்டிருக்கு?"

"அச்சுல இருக்கு மாமா. இதை என் மோட்டார் ரெண்டு வாரம் முன்னாடியே கண்டுபிடிச்சுச்சு. அதைப் பத்தி ஒரு வரி இல்லை பாருங்க."

முன்னறையில் ஊசி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

சக்கரக்காரர் அந்தப் பாராட்டை நம்பவில்லை. மரவாடியில் ஒரு பலகையை எடுத்துச் சுண்ணக்கட்டியால் பதினான்கு கோடு போட்டார். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் சாப்பிடும்போது அவர் பலகையை மடியில் வைத்து விரலை ஓட்டினார். மேலே போகிற இடம், ஆறாவது. மறுபடி, ஆறாவது. முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஒரே பலகைய எத்தனை நாள்யா அளப்பே?" என்றார். ஐம்பத்திரண்டு வயது விரல் லேசில் கேட்காது. வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. தப்பு இல்லாவிட்டால் பிடிக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் வலி இல்லை. அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

ஒன்றரை மாதம் கழித்துச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். மெத்தைமேல் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் பாதி ஆள் உள்ளே போய்விட்டார். ஆறு ஊர், ஆறு அரங்கம். புதிய விண்ணப்பம் ஒன்றை நீட்டினார்.

"ஒரே ஒரு நிபந்தனைதான். அந்தச் சுரம் எல்லா ஊர்லயும் இருக்கணும். அதைக் கேக்கத்தான் ஜனம் வரும். இருக்கும்ல?"

சக்கரக்காரர் வாயைத் திறப்பதற்குள் முன்னறையிலிருந்து குரல் வந்தது: "இருக்கும்னுதான் நெனைக்கறேன் சார். ஆனா எனக்கு இருவத்தாறு வருசப் பழக்கம் பாருங்க. அந்த இடம் வந்தா கை தன்னால சக்கரத்தைப் பிடிச்சாலும் பிடிச்சுடும். பிடிச்சுட்டா ஒண்ணும் கேக்காது."

"நீங்க பிடிச்சா அந்தச் சுரம் வராதா?"

"அது அவர்கிட்ட இல்லைங்க. எங்கிட்ட இருக்கு."

செயலாளர் மெத்தையிலிருந்து எழ முயன்று, முடியாமல், இருந்த இடத்திலிருந்தே சக்கரக்காரரைப் பார்த்தார். சக்கரக்காரர் விண்ணப்பத்தைப் பார்த்தார். அதே கோடு, அதே நீளம். 'தங்கள் கலைப்பணியை ஒரே வரியில் குறிப்பிடுக.' அவர் எழுதினார். முன்பு 'தன்னந்தனியாக' என்று இருந்த இடத்தில் 'மனைவியுடன்' என்று எழுதினார். எழுதியபின்னும் கோட்டில் இடம் மிச்சம் இருந்தது. மேலே கலைஞர் பெயர் என்ற கட்டத்தில் தன் பேருக்குப் பக்கத்தில் அவள் பேரையும் நெருக்கி எழுதி, தாளைக் கொண்டுபோய் நீட்டினார்.

மெத்தைக்காரம்மா படித்தார். நூலைக் கடித்தார். "கையெழுத்து மட்டும் எப்பவும் கோழி கிளறின மாதிரிதான்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை.

செயலாளரை இருவருமாக இழுத்து எழுப்பி அனுப்பிய பிறகு மெத்தைக்காரம்மா தலையணையை எடுத்து ஜன்னலோரம் போட்டார். "வாங்க. ஒரு தடவை சுத்திப் பாத்துடலாம். ஆத்து மெட்டு."

வெளியே தூறல். பெட்டி இரண்டு மடியிலும் ஏறியது. முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியில் பூனை இல்லை. மூன்றாம் வரியிலும் இல்லை. மெத்தைக்காரம்மாவின் புருவம் லேசாக ஏறியது. நான்காம் வரியில் மெட்டு மேலே போயிற்று. சக்கரக்காரரின் தோள் குனியவில்லை. ஆறாவது கட்டை அழகாக, சுத்தமாக, சுண்ணக்கட்டியால் கோடு போட்ட மாதிரி வந்து விழுந்தது.

சக்கரம் நின்றது.

"என்னங்க இது?"

"சரியா வந்துடுச்சு" என்றார் சக்கரக்காரர். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இப்பப் போயா?"

"உனக்குத் தோள் வலிக்குமேன்னு… மரவாடியில ஒரு பலகையில…"

மெத்தைக்காரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு பெட்டி குலுங்கியது, நரம்புகள் மூன்றும் தாமாகவே முனகின. வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

"சரி, அந்தப் பழையதை வாசிங்க பாப்போம்."

அவர் வாசித்தார். விரல் ஆறாவதுக்கே போயிற்று. மறுபடி. ஆறாவது. மூன்றாம் தடவை வேண்டுமென்றே ஐந்தாவதைப் பிடித்தார். அது தடுமாறிச் செத்த சத்தமாக வந்தது.

"அப்படி இல்லை" என்றார் மெத்தைக்காரம்மா. "தெரியாத மாதிரி இழுக்காதீங்க. நிச்சயமா தெரியும்கற மாதிரி இழுக்கணும். அதுக்கு முன்னாடி மூணாவதுல கொஞ்சம் அவசரப்படுவீங்க. அப்புறம் முன்னாடி குனிவீங்க. குனிங்க."

அவர் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம். ஆங். இப்ப அஞ்சாவது."